எல்லாத் தெருவுக்கும்

எங்கள் காலனிக்கு வழி ஒன்றுதான். வடமாலபேட்டை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஊரைத் தாண்டி, நாராயணசாமியின் மாந்தோப்புக்குள் நுழைந்து, தோப்பு முடிகிற இடத்தில் வெளியே வந்தால் காலனி. பின்னால் குன்று. தெற்கே ஏரி. சர்க்கார் எங்களுக்கு மனை கொடுத்தது, வீடு கட்டக் கல் கொடுத்தது, வழி கொடுக்க மறந்துவிட்டது. மறந்ததா, வேண்டுமென்றே விட்டதா என்று எனக்குத் தெரியாது. நாராயணசாமியின் அப்பா இருந்தபோது, "போய்ட்டு வந்துட்டு இருங்கடா" என்று வாயால் சொன்னார். அந்த வாய்ச்சொல்லின் மேல்தான் இத்தனை காலம் நடந்தோம்.

நான் கிருஷ்ணப்பா. ஊருக்குத் தண்டோரா போடுகிறவன். கெரசின் வந்தால், ஏரி மடை திறந்தால், சொட்டு மருந்து போட நர்சம்மா வந்தால், கங்கம்மா ஜாத்திரைக்குக் காப்புக் கட்டினால், தமுக்கை மாட்டிக்கொண்டு போய்ச் சொல்வேன். தமிழ்த் தெருவில் தமிழ், தெலுங்குத் தெருவில் தெலுங்கு. சேதி நல்லதா கெட்டதா என்பது என் பாடு இல்லை.

இதற்கு ஊரில் ஒரு கட்டு உண்டு. எனக்கு முன்னால் தட்டிக்கொண்டிருந்தவர் ஒரு தடவை மடை திறக்கிற சேதியை இரண்டு தெருவுக்கு மட்டும் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மற்றத் தெருக்காரர்களின் நிலம் காய்ந்தது. மண்வெட்டியோடு வந்தார்கள், மண்டை உடைந்தது. அன்றைக்கு நாராயணசாமியின் அப்பா கங்கம்மா கோயில் முன்னால் உட்கார்ந்து சொன்னார்: தட்டினால் எல்லாத் தெருவுக்கும் தட்டவேண்டும், இல்லையென்றால் தட்டவே கூடாது. அதிலிருந்து அப்படித்தான்.

என் மகன் தேவேந்திரன் குவைத்தில் ஒரு அரபி வீட்டுக்கு டிரைவர். போகும்போது திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு போனவன், லீவில் வரும்போது கறுப்பு அட்டை போட்ட தெலுங்கு பைபிளோடு வந்தான். மாங்காய் சீசன். என் வீட்டுக்காரி சுந்தரம்மா முதலில் அழுதாள். பிறகு மகன் கண்ணை மூடிக்கொண்டு அவளுடைய மூட்டுவலிக்காக வேண்டிக்கொண்டதைப் பார்த்து மறுபடியும் அழுதாள். அந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. வீட்டில் இரண்டு பேர் ஒரு பக்கம் ஆகிவிட்டார்கள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அங்க வெள்ளிக்கெழமதான் லீவு நைனா," என்றான். "கடப்பாக்காரங்க, கோதாவரிக்காரங்க, நம்ம பக்கத்து ஆளுங்க எல்லாம் ஒரு ரூம்புல கூடுவோம். கதவ சாத்திக்கினு மெல்லப் பாடுவோம். வெளிய ஒருத்தன்கிட்ட வாயத் தெறந்தா போச்சு. பிளேன் ஏத்தி உட்ருவான்."

"அங்க சாத்தி வெச்ச வாய இங்க வந்து தெறக்கணும்ன்றியா?"

"பிரபு கடேசியா சொல்லிட்டுப் போனதே அதான் நைனா. போயி எல்லா ஜனத்துக்கும் சுவார்த்த சொல்லுங்கன்னு. எனக்குக் கெடச்சத நான் மட்டும் துன்னுட்டு சும்மா குந்திக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

சுவார்த்தை என்றால் நல்ல சேதி. தெலுங்கில் அப்படிச் சொல்வார்கள். நல்ல சேதி என்று சொல்லிக்கொண்டு காலனிக்கு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சேலையோடு வந்தார்கள், கொடியோடு வந்தார்கள், வங்கிக் கடனோடு வந்தார்கள். போன பிறகு எங்களிடம் மிஞ்சியது கட்டைவிரலில் மைதான். இதை அவனிடம் சொன்னேன். "இவரு மை தடவ மாட்டாரு நைனா" என்று சிரித்தான்.

திருப்பதியிலிருந்து ஒரு பாஸ்டரைக் கூட்டிவந்தான். சிட்டிபாபு என்று பெயர். வாரம் முழுக்க ஒரு லாட்ஜில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஊழியம். ஒல்லியான ஆள். மொபெட்டில் வந்து, எங்கள் வீட்டுக் கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில், நிறைய உட்கார்ந்தால் உடைந்துவிடும் என்பதுபோல் உட்கார்ந்தார். சனிக்கிழமை சாயங்காலம் காலனித் தண்ணீர் டேங்க் பக்கத்தில் மீட்டிங் வைப்பது என்று பேச்சு.

"பெரியவரே, காலனிக்குள்ள மட்டும் ஒரு தடவ தட்டிட்டீங்கன்னா போதும்," என்றார்.

"காலனிக்குத் தமுக்கு எதுக்கு? இங்க ஒருத்தன் தும்மினா கடேசி ஊடு வரைக்கும் கேக்கும்."

"ஒரு மரியாதைக்குத்தான்."

"தட்டினா எல்லாத் தெருவுக்கும் தட்டணும். ஊரு கட்டு அது. கங்கம்மா கோயில்ல ஆரம்பிச்சி மேலத்தெரு, நடுத்தெரு, தெலுங்குத் தெரு, கடேசில காலனி. அர தண்டோரா போடறதில்ல."

தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் சொன்னேன். மேலத்தெரு என்றதும் பயந்து விட்டுவிடுவார்கள் என்று கணக்கு. பாஸ்டரும் பயந்துதான் போனார். "ஐயோ, அது வேணாம் பெரியவரே. வீணா பிரச்சின" என்றார். அதோடு நான் வாயை மூடியிருக்கவேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒரு குத்துக் குத்தலாம் என்று தோன்றியது.

"எல்லா ஜனத்துக்கும் சொல்லச் சொன்னாருன்னானே இவன். மேலத்தெருவுல இருக்கறதெல்லாம் ஜனம் இல்லியா?"

பாஸ்டர் தரையைப் பார்த்தார். தேவேந்திரன் எழுந்து நின்றுவிட்டான். "நைனா சொல்றதுதான் சரி அய்யகாரு. நாமதான் பயந்துக்கினு நம்ம தெருவுக்குள்ளயே சுத்திக்கினு இருக்கோம்."

நான் போட்ட முடிச்சு என் கழுத்திலேயே விழுந்தது. தட்டமாட்டேன் என்றால் மகனுக்கு முன்னால் நான் பயந்தவன். தட்டினால் என்ன ஆகும் என்று அந்தக் கட்டிலில் இருந்தவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் தட்டினேன்.

"சகலமான ஜனங்களுக்கும் தெரிவிக்கிறது இன்னான்னா, சனிக்கெழம சாயங்காலம் காலனி தண்ணி டேங்க் கிட்ட ஏசுசாமி மீட்டிங். எல்லாத் தெருக்காரங்களும் வரலாம்."

நடுத்தெரு டீக்கடை ரங்கையா கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டான். "கெரசின் வந்துச்சின்னு கேன எடுத்துக்கினு வந்தா, ஏசு வந்துட்டாரா? கார்டுக்கு எவ்ளோ பெரியப்பா?"

"உனக்கு கார்டே இல்ல, போடா."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பில் கொஞ்சம் நேரம் போயிற்று. அதற்கு முன்னால் தட்டின மேலத்தெருவில் யாரும் சிரிக்கவில்லை. நாராயணசாமியின் வீட்டு வாசலில் அவர் சம்சாரம் சுலோசனாம்மா மாங்காய்த் துண்டங்களைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் நிமிர்ந்தார்கள்.

"எங்களுக்குமா கிருஷ்ணப்பா?"

"எல்லாருக்கும்தாம்மா. எனக்கு வேற மாதிரி தட்டத் தெரியாது."

மறுபடியும் பாயின் பக்கம் குனிந்துகொண்டார்கள்.

விடிந்தபோது தோப்பின் இரண்டு முனையிலும் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். பால் கேனோடு முதலில் போன கமலம்மாதான் ஓடிவந்து சொன்னாள். நான் போய்ப் பார்த்தேன். தூண்கள் எல்லாம் ஒரே அளவு, புதிதாகச் செதுக்கினவை. நேற்று தட்டினதற்கு இன்றைக்கு இத்தனை கல் எங்கிருந்து வரும்? சென்னை ரோட்டோரம் மனை விலை ஏற ஆரம்பித்ததிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து தோப்பை அளந்துவிட்டுப் போகிறார்கள். நடுவில் ஒரு காலனி வழி இருந்தால் மனை போட முடியாது. நான் தட்டினது அவருக்கு நல்ல சாக்கு. இதைக் காலனியில் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

நாராயணசாமி மாங்கூழ் பாக்டரிக்குப் போகிற லாரியில் மாங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் சின்னவர்.

"ஆண்டே, வழி..."

"எந்த வழி? என் தோப்புல ஏதுடா வழி? சர்வே நக்ஷால காட்டு, நானே கம்பிய அறுத்து உடறேன்."

"பெரியவரு உட்ட வழி."

"எங்க நைனா நடக்க வழி உட்டாரு. எங்க கங்கம்மா முன்னால நின்னுக்கினு ஏசு மீட்டிங்குன்னு தமுக்கு தட்டச் சொன்னாரா?"

"எல்லாத் தெருவுக்கும் தட்டச் சொன்னதே அவருதான்."

லாரியில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்தான். நாராயணசாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வயசாச்சே தவிர வாய் கொறயல உனக்கு. கேட்டுக்கோ. தெருத்தெருவா தட்டினத தெருத்தெருவா திருப்பி எடுக்கணும். மீட்டிங் கெடையாது, இனிமே காலனியில இந்த மாதிரி எதுவும் நடக்காதுன்னு உன் வாயால சொல்லணும். சொன்னா வழியப் பத்திப் பேசலாம்."

சனிக்கிழமை பாஸ்டர் வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் மொபெட்டை நிறுத்திவிட்டு, அங்கேயே நின்று கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணிவிட்டுத் திரும்பிப் போனார். மீட்டிங் இல்லை.

அதன் பிறகு காலனி அடைபட்டுப்போயிற்று. வெளியே போகவேண்டும் என்றால் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். கரையில் கருவேல முள், பாதி இடத்தில் கரையே கிடையாது. கமலம்மாவின் பால் சொசைட்டிக்குப் போகுமுன் திரிந்துபோனது. மாங்காய் பறிக்கிற வேலை எங்கள் ஆட்களுக்கு இல்லை என்றாகிவிட்டது, சீசனின் நடுவில். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தின. தேவேந்திரன் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தான். காகிதத்தில் வழி இல்லை என்று எல்லா இடத்திலும் ஒரே பதில்.

பக்கத்து வீட்டு வெங்கடசாமி என் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஏன்யா, உன் மவன் குவைத்துல சாமியப் புடிச்சான், சரி. எங்க காலுல எதுக்குயா முள்ளு? நாங்களா கேட்டோம் நல்ல சேதி?"

"கம்பி போட்டவன கேளு."

"அவன கேக்க முடிஞ்சா உங்கிட்ட ஏன் வரேன்?"

சுந்தரம்மா மூட்டுவலியோடு ஏரிக்கரை சுற்றி ரேஷனுக்குப் போய்விட்டு, வந்ததும் பையை வாசலில் வைத்துவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டாள். அரிசியில் பாதி வழியிலேயே கொட்டிவிட்டது. அவள் என்னையும் திட்டவில்லை, மகனையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

அன்றைக்கு நான் தமுக்கை எடுத்து வெயிலில் வைத்தேன். தோல் விறைக்கவேண்டும் அல்லவா. தேவேந்திரன் பார்த்துவிட்டான்.

"நைனா, திருப்பி எடுக்கப் போறியா?"

"பின்ன?"

"அவரு இல்லன்னு ஊரு முன்னால சொல்லப் போற."

"மீட்டிங் இல்லன்னுதான் சொல்லப் போறேன். அவரு இருக்காரா இல்லியான்னு எனக்கு எப்பவும் தெரியாது."

"ரெண்டும் ஒண்ணுதான் நைனா. வேணாம். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கினா..."

"யாரு பொறுக்கறது? உன் லீவு முடியப்போவுது. நீ பிளேன் ஏறிப் போயிடுவ. ஏரிக்கரையில முள்ளு மேல நடக்கப்போறவ உங்கம்மா."

அவன் முகம் சுருங்கியது.

"நான் பிளேன்ல எங்க போறேன்னு நெனச்ச நைனா? போயி எறங்கினதும் அரபி பாஸ்போர்ட்ட வாங்கி பீரோவுல வெச்சிக்குவான். அவன் கேட்டத் தெறந்தாத்தான் நான் வெளிய வருவேன். சொந்த ஊர்லயாவது ஒரு தடவ சத்தமா சொல்லணும்னு வந்தேன். அவ்ளோதான்."

இதற்கு முன்னால் அவன் இதைச் சொன்னதே இல்லை. குவைத் என்றால் ஏசி காரில் போய்க்கொண்டிருப்பான் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அங்கே அவனுக்கு ஒரு கேட், இங்கே எங்களுக்கு ஒரு கம்பி. ஆனாலும் தமுக்கை நான் வெயிலிலிருந்து எடுக்கவில்லை. அவனுடைய சாமிக்கு நான் பொறுப்பு இல்லை. திரிந்த பாலுக்கும் கொட்டின அரிசிக்கும் பொறுப்பு.

கங்கம்மா கோயிலில் ஆரம்பித்தேன். மேலத்தெருவில் நாராயணசாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாலு பேர் கூட இருந்தார்கள்.

"சகலமான ஜனங்களுக்கும் தெரிவிக்கிறது இன்னான்னா, எல்லா ஜனத்துக்கும் நல்ல சேதி சொல்றதுக்கு காலனி தண்ணி டேங்க் கிட்ட ஏசுசாமி மீட்டிங்குன்னு முன்ன தட்டினது..."

"டேய், நிறுத்து நிறுத்து. அந்தப் பேர எதுக்குடா மறுபடியும் சொல்ற?"

"எத இல்லன்னு சொல்றேன்னு சொல்லணும்ல ஆண்டே?"

"பேரு சொல்லாம தட்டு."

"வெறும்னே இல்லன்னு தட்டினா கெரசின் இல்லன்னு நெனச்சிக்குவாங்க. கேன தூக்கிக்கினு உங்க ஊட்டுக்குத்தான் வருவாங்க."

கூட இருந்தவர்களில் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். நாராயணசாமி என்னை முறைத்தார். வேண்டுமென்றே செய்கிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. இல்லை. எனக்கு அப்படித்தான் தட்டத் தெரியும். "தொலயட்டும், சொல்லி முடி" என்றார்.

முடித்தேன். மீட்டிங் கிடையாது, இனிமேல் காலனியில் அந்த மாதிரி எதுவும் நடக்காது என்று எல்லாத் தெருவிலும் சொன்னேன். காலனிக்கு வந்து சேர்ந்து கடைசியாகத் தட்டும்போது தேவேந்திரன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

வழி திறந்தது. ஊர்ப்பக்கம் கம்பியை எடுத்தார்கள், காலனிப் பக்கம் எடுக்கவில்லை. அங்கே இரண்டு தூணுக்கு நடுவில் ஒரு இரும்பு கேட் வைத்து, பூட்டுப் போட்டு, சாவியை நாராயணசாமி என்னிடம் கொடுத்தார்.

"பொழுது சாஞ்சா தெறக்கக் கூடாது. பகல்லயும் பூட்டித்தான் இருக்கணும். ஆளு வந்தா தெறந்து உடு. அந்த மொபெட்டுக்காரன் கால் உள்ள வெச்சான்னா அன்னைக்கே கம்பி. அப்பறம் நீ எத்தன தடவ தட்டினாலும் சரி."

"எங்கிட்ட எதுக்கு ஆண்டே? வாட்ச்மேன் போடுங்க."

"உன்னத் தவிர வேற யாரு? நீ சொன்னா சொன்னதுதான்னு ஊரே சொல்லுது."

புகழ்ந்தாரா பூட்டினாரா என்று பார்த்தேன். சாவியை வாங்கிக்கொண்டேன். வாங்காமல் எங்கே போவது?

தேவேந்திரன் புறப்பட்ட அன்றைக்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். நான் கேட்டைத் திறந்தேன். பேசாமலே போய்விடுவான் என்று இருந்தேன். கேட்டைத் தாண்டிவிட்டுத் திரும்பினான்.

"அம்மாவ ஞாயித்துக்கெழம ரோட்டுக்கு அனுப்பு நைனா. அய்யகாரு பஸ் நிக்கற எடத்துல வந்து நிப்பாரு. ரோடு யார் தோப்பும் இல்ல."

"பாக்கலாம்."

"வரேன்."

பஸ் சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டுப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சுந்தரம்மாவும் இன்னும் இரண்டு பேரும் போனார்கள். திறந்துவிட்டேன். ரோட்டோரம் நின்று பேசக்கூடாது என்று நாராயணசாமி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலனியில் பாதிப் பேர் என்னைப் பூட்டுக்காரன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சுந்தரம்மாவின் கூட்டத்தார் என்னிடம் பேசுவதில்லை. ஊர்த்தெருவில் மட்டும் இப்போது எனக்கு மரியாதை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு தோப்புப் பக்கமிருந்து சுலோசனாம்மா வந்தார்கள். கையில் கூடை. கீழே விழுந்த காய் பொறுக்குவது போல் வந்து கேட்டின் அந்தப் பக்கம் நின்றார்கள்.

"கிருஷ்ணப்பா, அன்னைக்கு நீ தட்டினியே, நல்ல சேதின்னு. அது இன்னா சேதி?"

நாராயணசாமியே அனுப்பி என்னைச் சோதிக்கிறாரா என்று மரங்களுக்கு நடுவில் பார்த்தேன். "எனக்குத் தெரியாதும்மா. தட்டச் சொன்னாங்க, தட்டினேன்."

"எம்புள்ள ஹேமநாத்து அமெரிக்காவுல கம்ப்யூட்டர் வேலைல இருக்கான்ல. அந்த வேல போயிடுச்சாம். போன எடுக்க மாட்டேன்றான். அவன் கூட்டாளி சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். இவரு வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாரு. திருமலைக்கு வேண்டிக்கினேன், கங்கம்மாவுக்கு வேண்டிக்கினேன். எல்லாருக்கும்னு சொன்னியே, அதான் கேக்கறேன்."

"ரோட்டாண்ட பாஸ்டர் நிக்கறாரு. போய்க் கேளுங்க."

"நான் ரோட்டுல போய் நிக்க முடியுமா? நீ போய்க் கேட்டுக்கினு வந்து சொல்லு."

"நான் அதெல்லாம் நம்பறவன் இல்லம்மா."

"உன்ன நம்பச் சொன்னனா? வந்து சொல்லுன்னுதான கேக்கறேன்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இது அவருக்குத் தெரிந்தால் அன்றைக்கே கம்பி. பால், மாங்காய் வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் மறுபடியும் முள்ளுக்குப் பின்னால். ஆனால் அந்த அம்மா கூடையைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தேன். அவர்களைச் சுற்றியும் ஒரு கம்பி இருந்தது, கல்தூண் இல்லை, அவ்வளவுதான். கேட்டைப் பூட்டிவிட்டு ரோட்டுக்குப் போனேன்.

பாஸ்டரிடம், மகனை நினைத்து வருந்துகிற ஒரு அம்மா கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன், யார் என்று சொல்லவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. தூர தேசத்துக்குப் போய்க் கெட்டுப்போன இளைய மகனுக்காக வழியைப் பார்த்துக்கொண்டே நின்ற ஒரு தகப்பனின் கதையைச் சொன்னார். அந்தத் தகப்பன் மாதிரிதான் தேவன் என்றார். அந்த அம்மாவுக்காகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று சந்தேகமாக இருந்தது. இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். தண்டோராக்காரன் ஒரு சொல்லை மாற்றக்கூடாது.

திரும்பி வந்தபோது கேட்டருகே சுலோசனாம்மாவோடு இன்னொரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நாராயணசாமியின் தம்பி பெண்டாட்டி ருக்மணி.

"இவளும் கேக்கணும்ன்றா," என்றார்கள்.

தோப்பின் நடுவில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. நாராயணசாமி ஆட்களை விரட்டுகிற குரல் கேட்டது. இரண்டு பேரையும் பெரிய மரத்தின் மறைவில், கேட்டை ஒட்டி நிற்கச் சொல்லிவிட்டு, நான் காலனிப் பக்கம் போய்ப் பூட்டிக்கொண்டேன். பிறகு, ஒரு மனுசனுக்கு ரெண்டு மகனாம் என்று ஆரம்பித்தேன்.

தெருவுக்குத் தெரு கத்தியே பழகின தொண்டை. மெல்லப் பேசவே வரவில்லை. முதல் வார்த்தையே தோப்புக்குள் போய் மோதியது. டிராக்டர் நின்றது.

"மெல்ல கிருஷ்ணப்பா, மெல்ல" என்று சுலோசனாம்மா கம்பிக்குள் கையை விட்டு என் வாயைப் பொத்தப் பார்த்தார்கள். யாரோ "யாரு அங்க?" என்றார்கள். நாங்கள் மூன்று பேரும் குனிந்துகொண்டோம். கொஞ்ச நேரம் கழித்து டிராக்டர் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

"ம், சொல்லு," என்றாள் ருக்மணி.

சொன்னேன்.